கருவூலப் பணமும் கோவைக் கரும்பும்



புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் முன்னோரைப் புகழ்கின்றார். அவர்கள் தேவரைப் போற்றினர், வேள்வி செய்தனர் என்று சொல்லும் அதே மூச்சில், பெறுதற்கரிய கரும்பை இவ்வுலகுக்குக் கொணர்ந்து தந்தனர் என்றும் சொல்கின்றார். எங்கிருந்து கொணர்ந்தனர் என்று கேட்டால் உரைகாரர் விண்ணுலகைக் காட்டுவர். வரலாற்றாசிரியர் கடல் கடந்த நாடுகளைக் காட்டுவர். அந்த வழக்கு இங்கே தீர வேண்டியதில்லை. தகடூர்க் குடியின் பெருமைகளை எண்ணிய புலவர், பகைவரை வென்றதோடு ஒரு பயிரைக் குடிகளிடம் கொண்டு சேர்த்ததையும் வைத்து எண்ணினார் என்பதே ஈண்டு கருதத்தக்கது. அரசன் செலவில் வந்த ஒன்று குடியானவன் வயலில் வேர்விட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் புகை சூழ்ந்த ஆலைகள், அந்தக் கொடையின் பின்விளைவு என்று கொண்டாலும் பிழையில்லை.

குடிகளின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி, குடிகளின் கைக்குப் பயன்படு பொருளாக வந்து சேர்வது எப்படி? இலக்கிய அவைக்கு இது அயலான வினாவாகத் தோன்றலாம். ஆனால் இந்த வினாவுக்கு இந்திய நாட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த விடைகளுள் ஒன்று, மருதமலைக்குப் போகும் வழியில், கோயம்புத்தூரில் இருக்கிறது. அதற்குக் கரும்பு என்று பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா உலகிலேயே மிகுந்த பரப்பில் கரும்பு பயிரிட்ட நாடுகளுள் ஒன்று. ஆயினும் சர்க்கரையைச் சாவகத்திலிருந்து கப்பல் கப்பலாக வாங்கியது. முரண் போலத் தோன்றும் இதற்குக் காரணம் எளியது. கரும்புப் பரப்பில் பெரும்பகுதி பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணங்களிலும் பீகாரிலும் இருந்தது. அங்கே விளைந்தது விரல் தடிமனே உள்ள மெலிந்த கரும்பு. உறைபனிக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஏக்கருக்குக் கிடைக்கும் எடையோ குறைவு. தென்னாட்டில் பருத்த, சாறு நிறைந்த கரும்பு உண்டு. அதை வடக்கே நட்டால் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காது. இனிப்பு ஓரிடத்தில், உரம் ஓரிடத்தில் என்று இயற்கை பங்கு பிரித்து வைத்திருந்தது.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் கரும்பைப் பூக்கச் செய்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. கரும்பைக் கரணை வெட்டி நடுவதே உலக வழக்கம். அது விதையிலிருந்தும் முளைக்கும் என்பதே 1880-களின் இறுதியில்தான், சாவகத்திலும் பார்படோசுத் தீவிலும் உறுதிப்பட்டது. கரும்பின் விதை தூசியை ஒத்தது; பஞ்சு போன்ற மயிரில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறப்பது. பல்லாயிரம் ஆண்டுகள் கரும்போடு வாழ்ந்த உழவன் கண்ணுக்கு அது படவில்லை என்றால் அவனைக் குறை சொல்ல இயலாது.

வட இந்தியக் குளிரில் கரும்பு சரிவரப் பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோவையில் அது தாராளமாகப் பூக்கும். அதோடு, ஆற்றோரங்களிலும் வரப்புகளிலும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பு அங்கே தானே வளர்ந்து கிடந்தது. இந்த இரண்டு காரணங்களால் 1912-இல் அரசு கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோவையில் நிறுவியது. வடக்கே உள்ள உழவனின் துன்பத்துக்குத் தெற்கே மருந்து தேடிய ஏற்பாடு அது. சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சார்லசு ஆல்பிரடு பார்பர் அதன் பொறுப்பை ஏற்றார். வட இந்திய மெலிந்த கரும்பினத்துக்கு அறிவியலார் பின்னாளில் இட்ட பெயரில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவரோடு பணிபுரிந்து, அவருக்குப் பின் அந்நிலையத்தை நடத்தியவர் திருவாடி சாம்பசிவ வேங்கடராமன். வரலாற்றில் டி. எஸ். வேங்கடராமன் என்றால்தான் தெரியும்.

இவர்கள் செய்த செயலின் துணிவை இன்று உணர்வது கடினம். நல்ல கரும்போடு நல்ல கரும்பைச் சேர்ப்பதே அறிவுடைமை என்பது அந்நாள் பொதுவழக்கு. கோவையில் அவர்கள் ‘வெள்ளை’ எனப்பட்ட பருத்த கரும்பைத் தாயாக வைத்து, காட்டுக் கரும்பின் மகரந்தத்தை அதில் சேர்த்தனர். அரசகுமாரியைக் காட்டு வேடனுக்கு மணமுடித்துத் தந்த கதை எனலாம். வள்ளித் திருமணத்தைத் தலைகீழாக்கினால் ஏறத்தாழ அதுவே. சாறு இல்லாத, நார் மிகுந்த, அடுப்பெரிக்கவும் கூரை வேயவும் மட்டுமே பயன்பட்ட ஒரு புல்லை, பட்டணத்து ஆய்வாளர் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். பேய்க்கரும்பு என்று ஊரார் ஒதுக்கியதும் இந்தச் சுற்றத்தைச் சேர்ந்ததே. பட்டினத்தார் கையில் கசந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது தமிழர் அறிந்த கதை. கோவையில் அது இனித்ததற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

1918-இல் ‘கோ 205’ வெளிவந்தது. கரும்பையும் காட்டுக் கரும்பையும் நேரே கலந்து, வணிகப் பயிராக வயலுக்கு வந்த முதல் கலப்பினம் இது. பஞ்சாபில் அது வரை விளைந்த ‘கதா’ என்னும் உள்ளூர்க் கரும்போடு ஒப்பிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. தொடர்ந்து கோ 210, கோ 213, கோ 214, கோ 281, கோ 290 எனப் பல வந்தன. கோயம்புத்தூரின் முதலெழுத்துகளையே இந்தக் கரும்புகள் முன்னடையாகக் கொண்டன. தமிழ் எழுத்தில் அது ‘கோ’ என்று நிற்கும்போது, அரசன் என்று பொருள்படும் ஓரெழுத்தொருமொழியாகிவிடுவது தற்செயல்தான். எனினும் அதியமானை நினைத்துத் தொடங்கிய பேச்சில் அதைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நாற்று சிறந்ததாகத் தெரிவது வேறு. அது பஞ்சாபு உழவனின் மாட்டு வண்டியில் ஏறுவது வேறு. இந்த இடைவெளியில் விழுந்து மறைந்த கண்டுபிடிப்புகளுக்குக் கணக்கில்லை. கோவைக் கரும்பு ஏன் விழவில்லை?

முதற்காரணம், நிலையம் தொடங்கும்போதே யாருக்காகத் தொடங்குகிறது என்பது தெரிந்திருந்தது. கோவையில் எழுந்த நாற்றுகளைக் கோவையிலேயே அளந்து பார்த்து யாரும் மகிழ்ந்திருக்கவில்லை. அவை பீகாரின் பூசாவுக்கும், ஐக்கிய மாகாணங்களின் சாஜகான்பூருக்கும், பஞ்சாபுக்கும் அனுப்பப்பட்டன. அங்கே உள்ள மண்ணும் குளிரும் வெள்ளமும்தான் தேர்வாளர். கோவையில் முதல் மதிப்பெண் பெற்று வடக்கே தோற்றவை தள்ளப்பட்டன. இரண்டாவது காரணம் கரும்பின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு வயலின் கரும்பை வெட்டிக் கரணையாக்கினால் அடுத்த ஆண்டு ஏறத்தாழ பத்து வயல்களுக்கு நடலாம். அண்டை வயலில் நன்றாக விளைந்ததைப் பார்த்த உழவன் வேலி தாண்டிப் போய்க் கேட்டு வாங்கி வந்து நட்டான். அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உரிமத் தொகை கட்ட வேண்டியிருக்கவில்லை. எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாத வேலையை வரப்போரப் பேச்சு செய்து முடித்தது.

மூன்றாவது, அரசின் வேறொரு கை. 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது; இறக்குமதிச் சர்க்கரைக்குக் காப்பு வரி விதிக்கப்பட்டது. அதற்குமுன் 30-ஐ ஒட்டியிருந்த சர்க்கரை ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 130-ஐ ஒட்டி உயர்ந்தன. சாவகச் சர்க்கரை இந்தியச் சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. இந்த வெற்றியைச் சட்டத்துக்கே உரியதாக்குவோர் உண்டு. கரும்புக்கே உரியதாக்குவோரும் உண்டு. ஆலை மட்டும் இருந்து அரைக்கத் தக்க கரும்பு இல்லையென்றால் எந்திரம் துருப்பிடித்திருக்கும். கரும்பு மட்டும் இருந்து ஆலை இல்லையென்றால் அது வெல்லக் கொப்பரையோடு நின்றிருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு நிதி தருவதோடு தன் கடமை முடிந்ததென்று ஓர் அரசு கருதினால் எவ்வளவு இழக்கும் என்பதை இந்த இணைப்பு காட்டுகிறது.

கோவைக் கரும்பு இந்தியாவோடு நிற்கவில்லை. கோ 281-உம் கோ 290-உம் அமெரிக்காவின் லூசியானா வரை சென்றன. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் சென்றன. நேட்டால் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் எழுவது வேறு. 1860-இல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமே. அவர்கள் சென்று பல்லாண்டு கழித்து, அவர்கள் புறப்பட்ட நாட்டிலிருந்து கரணைகள் அதே மண்ணுக்குச் சென்றன. கரணைக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைத்திருந்ததா என்பதை, பிஜித் தீவின் பெண்களுக்காகப் பாரதி பாடியதை அறிந்த இவ்வவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பின் பயனைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒரு புதுமை பயனுள்ளதா என்ற கேள்வியோடு, யாருக்குப் பயனுள்ளது, யாருடைய முதுகின்மேல் பயனுள்ளது என்ற கேள்வியும் நிற்கவேண்டும்.

பெறுதல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 1933-இல் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தென்னாட்டையே பல்லாண்டு ஆண்ட கோ 419-இன் தாய், சாவகத்தில் உருவான கரும்பு. தந்தை கோவையின் கோ 290. சாவக ஆராய்ச்சியைத் தோட்ட முதலாளிகளின் சங்கமே தன் பணத்தில் நடத்தியது. கோவையை நடத்தியது பொதுப்பணம். இரண்டும் கலந்தபோது சிறந்தது பிறந்தது. தனியார் ஆராய்ச்சி, அரசு ஆராய்ச்சி என்று கோடு கிழித்துப் பேசுவோர் அந்தக் கரும்பின் குலமரபைப் பார்க்க வேண்டும்.

வேங்கடராமனைப் பற்றி மேலும் ஒன்று. 1937-இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். தலைமையுரையில் அவர் கலப்பினத்தின் நுட்பங்களைப் பேசியிருக்கலாம். அதற்குரிய புகழ் அவருக்கு இருந்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருளோ இந்தியக் கிராமம், அதன் நேற்றும் இன்றும் நாளையும். தம் ஆராய்ச்சி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஓர் அறிவியலாளர் எவ்வளவு தெளிவாக நினைவில் வைத்திருந்தார் என்பதற்கு இந்த ஒரு தலைப்பே போதும்.

அடுத்துச் சொல்லவேண்டியவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் மரபியலாளராகப் பணியாற்றினார். அவர் செய்தது புதிய கரும்பை வெளியிடும் வேலை அன்று. உருப்பெருக்கியின் கீழ்க் கரும்பின் குரோமோசோம்களை எண்ணும் வேலை. பருத்த கரும்புக்கு அவை 80. காட்டுக் கரும்புக்கோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். இந்த எண்ணிக்கையும் கலப்பில் அவை நடந்துகொள்ளும் முறையும் தெரிந்தால்தான், எந்தக் காட்டுக் கரும்பு எந்தக் கரும்போடு இணங்கும் என்பது தெரியும். கரும்பையும் மக்காச்சோளத்தையும், கரும்பையும் பிற புல்லினங்களையும் இணைத்து அவர் செய்த கலப்புகள் உலக அறிவியலார் கவனத்தை ஈர்த்தன. ஆனால் அவற்றுள் எதையும் உழவன் நடவில்லை.

‘பயன்’ என்னும் சொல்லை அளவுகோலாக எடுத்துக்கொண்டு கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் 1938-இல் கோவைக்கு வந்திருந்தால், ஜானகி அம்மாளின் மேசையைத்தான் முதலில் அகற்றச் சொல்லியிருப்பார். அவர் அந்நிலையத்தில் பெண்ணாகவும், தனித்து வாழ்ந்தவராகவும், மேல்சாதி எனப்பட்டவற்றுக்கு வெளியே பிறந்தவராகவும் இருந்ததால் பட்ட இடர்களை அவர் வாழ்க்கையை எழுதியோர் குறித்துள்ளனர். 1939-இல் ஒரு மாநாட்டுக்கென எடின்பரோ சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விளக்கநூலை வெளியிட்டார். கோவையில் பயின்ற கண் அந்த நூலில் வேலை செய்தது. பொதுப்பணம் பெற்றெடுத்த அறிவு, நாட்டுக்கு வெளியே போய் நூலானது. நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைத்தார். முதுமையில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தார். கரும்பை வகைப்படுத்தும் இன்றைய ஆய்வாளர் எவரும் அவர் எண்ணிய எண்களைத் தாண்டிச் செல்ல முடியாது. விளைச்சலாக மாறாத ஆராய்ச்சி வீண் என்போர், கோ வரிசைக் கரும்புகளுக்கு அடியில் கிடக்கும் இந்த அடித்தளத்தை மறந்துவிடுகின்றனர்.

கரும்பு கரணையால் பரவும். எந்திரம் அப்படிப் பரவாது. அதனால்தான் விடுதலைக்குப் பின் வந்த ஆய்வுக்கூடங்களின் கதை வேறு வகையாக இருக்கிறது. அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு 1942-இல் தோன்றியது. அதன் தோற்றத்தில் ஆர்க்காடு இராமசாமி முதலியாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறந்ததைத் தொழிற்சாலைக்குக் கைமாற்றவென்றே 1953-இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அந்தக் கைமாற்றின் மிகப் பழகிய சின்னம் எல்லார் விரலிலும் ஒருநாளாவது இருந்திருக்கிறது. தேர்தல் மை தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. உரிமம் மைசூரின் அரசு வண்ணத் தொழிற்சாலைக்குத் தரப்பட்டது. 1962 பொதுத்தேர்தல் முதல் அங்கிருந்தே வருகிறது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலின் உப்போடு கூடி, வெளிச்சம் பட்டுக் கருக்கிறது. சோப்புக்கும் எண்ணெய்க்கும் அசைவதில்லை. தோல் உரிந்து, நகம் வளர்ந்துதான் போகவேண்டும். சின்னஞ்சிறு புட்டி. ஆனால் வாங்குவோர் யார், எதற்கு, எத்தனை என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அதற்குச் சிக்கல் எழவில்லை.

சுவராஜ் டிராக்டருக்குச் சிக்கல் எழுந்தது. துர்க்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில், சிறு உழவருக்கு ஏற்ற 20 குதிரைத்திறன் டிராக்டரை வடிவமைத்தது. நடுவணரசின் நாட்டமோ அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்குவதில் இருந்தது. நம் ஆய்வுக்கூடம் வரைந்ததை நம் அரசே நம்பத் தயங்கிய அந்த நேரத்தில், பஞ்சாபு மாநில அரசு அதை எடுத்துக்கொண்டது. 1970-இல் பஞ்சாபு டிராக்டர்சு நிறுவனம் பதிவாயிற்று. வடிவமைப்பில் முதன்மைப் பங்கு கொண்ட சந்திரமோகன், ஆய்வு நிறுவனத்தை விட்டு, உடன் உழைத்த பொறியாளர் சிலரோடு அங்கே சென்றார். 1974-இல் முதல் டிராக்டர்கள் மொகாலித் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. வரைபடங்களை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. வரைபடத்தில் எழுதப்படாத அறிவு வரைந்தவர் கையில் இருக்கிறது. கை போனால்தான் அறிவு போகும். தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. ஏட்டில் இருந்த யாப்பு, ஆசானிடம் அமர்ந்து கற்றவன் நாவில்தானே பாட்டாயிற்று?

அமெரிக்கா இதற்கு வேறொரு வழியைத் தேர்ந்தது. நடுவணரசின் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமை அரசிடமே இருந்த காலத்தில், அங்கே அரசு கையில் 28,000 காப்புரிமைகள் சேர்ந்திருந்தன. அவற்றில் நூற்றுக்கு ஐந்துகூடத் தொழிலுக்கு உரிமம் பெறவில்லை என்று கணக்கிட்டனர். 1980-இல் வந்த பே–டோல் சட்டம் அந்த உரிமையைப் பல்கலைக்கழகங்களும் சிறு தொழில் நிறுவனங்களும் தாமே வைத்துக்கொள்ள இடம் தந்தது. பல்கலைக்கழகங்கள் காப்புரிமை அலுவலகங்களைத் திறந்தன. ஆய்வாளர்கள் நிறுவனங்களைத் தொடங்கினர். புதிய மருந்துகளும் கருவிகளும் வந்தன என்பது உண்மை. வரிப்பணத்தில் பிறந்த மருந்தை வரி கட்டியவரே வாங்க இயலாத விலை வந்தது என்ற குறையும் அங்கேயே எழுந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்திய அரசு இதே சாயலில் 2008 டிசம்பரில் ஒரு மசோதாவை மாநிலங்களவையில் கொணர்ந்தது. பொதுநிதி ஆராய்ச்சியில் பிறப்பவற்றுக்குக் காப்புரிமை தேடும் கடமையை அது ஆய்வு நிறுவனங்கள்மேல் வைத்தது. அறிவியலாரிடையே எதிர்ப்பு எழுந்தது. சட்டமாகாமலே 2014-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அது நல்லதே என்று கருத இடமுண்டு. எல்லாக் கண்டுபிடிப்பும் ஒரே இயல்பினவல்ல. டிராக்டரைத் தொழிற்சாலை ஏற்க வேண்டும். முதல் போடுபவன் உறுதி கேட்பான். அங்கே உரிமத்துக்கு இடம் உண்டு. கோ 205-க்கு உரிமத்தொகை இருந்திருந்தால், பஞ்சாபு உழவன் அண்டை வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வீடு திரும்பியிருப்பான். 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விளைந்ததிலிருந்து விதையை எடுத்துவைக்கவும் நடவும் பிறரோடு பகிரவும் உழவனுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்கத்தான் தடை. வரப்போரப் பேச்சுக்குச் சட்டம் தந்த ஒப்புதல் என்று இதைச் சொல்லலாம்.

கோவைக் கரும்பின் கதையை வெற்றியோடு நிறுத்திவிட்டால் அது பரணியாகிவிடும். பீகாரிலும் கிழக்கு ஐக்கிய மாகாணங்களிலும் வயல் வயலாக நின்ற கோ 213-ஐ 1938–39-இல் செவ்வழுகல் நோய் வாரிக்கொண்டு போயிற்று. தண்டைப் பிளந்தால் உள்ளே செம்மை படர்ந்து, இடையிடையே வெள்ளைத் திட்டு தெரியும். கள் புளித்த வாடை வீசும். அந்நோய்க்கு வயலில் மருந்தில்லை; அதைத் தாங்கும் வேறு கரும்பே மருந்து. எழுபது ஆண்டுகள் கழித்து அதே நாடகம் மீண்டும் நடந்தது. கர்னாலில் உள்ள கோவை நிலையத்தின் கிளையில் உருவாகி 2009-இல் வெளிவந்த கோ 0238, உத்தரப்பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் மிகப்பெரும் பங்கைப் பிடித்தது. ஆலைக்கும் ஆதாயம், உழவனுக்கும் ஆதாயம். ஆகவே எல்லாரும் அதையே நட்டனர். எல்லாரும் அதையே நட்டதால், செவ்வழுகல் அதைத் தாக்கத் தொடங்கியபோது தப்பிய வயல் குறைவு. இது ஆராய்ச்சியின் தோல்வியா, ஆராய்ச்சி மிக நன்றாகப் பரவியதன் விளைவா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மாற்று இரகங்களைத் தர நிலையம் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஆண்டுதோறும் வர வேண்டும். ஒருமுறை வெற்றி கண்டதும் நிதியைக் குறைக்கும் அரசு, உலை கொதித்ததும் அடுப்பை அணைப்பவரைப் போன்றது. அரிசி இன்னும் வேகவில்லை.

தமிழ்நாட்டில் ஆலைக்குப் போகும் கரும்பு பெரும்பாலும் கோ 86032. 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பத்திரண்டாம் செடி என்பது அவ்வெண்ணின் பொருள். அது முறையாக வெளியிடப்பட்டது 2000-இல். பொங்கலுக்குக் கடிக்கும் செங்கரும்பு இந்த வரிசையில் வராது; அது வேறு குடும்பம்.

கண்ணூரில் 1960-களின் தொடக்கத்தில் கோவை நிலையம் ஒரு தோட்டம் அமைத்தது. உலகில் கிடைக்கும் கரும்பினங்களின் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று அங்கே உயிரோடு நிற்கிறது. ஜானகி அம்மாள் பிறந்த தலைச்சேரி அங்கிருந்து சிறிது தொலைவே. எவரும் ஆலைக்கு அனுப்பாத, வெட்டினால் வெல்லமாகாத காட்டுக் கரும்புகளும் வரிசை வரிசையாக, எண்ணிட்ட பலகைகளோடு அத்தொகுப்பில் இருக்கின்றன. ஐப்பசி பிறந்ததும் கோவையில் கரும்பு பூக்கத் தொடங்கும். பூங்கதிர்களுக்கு உறை போட்டு, விடியலில் மகரந்தம் சேர்ப்பார்கள். அந்தப் பஞ்சிலிருந்து முளைக்கும் நாற்றுகளில் மிகப்பெரும்பாலானவை எண் பெறாமலே களையப்படும். ஒன்றிரண்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எங்கோ ஒரு வயலுக்குப் போகும்.